அரசாங்கத்தின் கையைப் பிடித்து எழுதவைப்பது யார்? அழுத்தக் குழுக்கள் பற்றி ஓர் அறிமுகம்

2002 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வெளிநாட்டு எஃகின் மீது 30 சதவீதம் வரை இறக்குமதி வரி போட்டார். மூன்று வருடத்துக்கு என்று சொல்லிப் போட்ட வரி அது. இரண்டு வருடம்கூட நிறைவதற்குள், 2003 டிசம்பர் 4 அன்று, அவரே அதை எடுத்துவிட்டார். நடுவில் ஆட்சி மாறவில்லை, கட்சி மாறவில்லை, ஆளும் மாறவில்லை. அவரிடம் வந்து பேசியவர்கள் மாறியிருந்தார்கள்.

முதலில் வரி கேட்டவர்கள் எஃகு ஆலை முதலாளிகள். கூடவே ஆலைத் தொழிலாளர் சங்கம். சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்காருகிறவர்கள், மலிவான வெளிநாட்டு எஃகு வந்தால் இருவர் பிழைப்பும் போய்விடும் என்று இங்கே ஒரே குரலில் பேசினார்கள். ஆலைகள் இருந்ததோ பென்சில்வேனியா, ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களில். தேர்தலில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலங்கள். வெள்ளை மாளிகையில் அந்தக் குரலுக்கு மதிப்பு இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

வரி வந்தது. எஃகை வாங்கி, அதிலிருந்து வேறு பொருள் செய்கிறவர்களுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. காருக்கு உதிரிபாகம் செய்கிறவர்கள், தகடு வளைக்கிறவர்கள், சிறு கருவிகள் செய்கிறவர்கள். எஃகை உருக்கும் இடங்களில் வேலை செய்பவர்களைவிட எஃகைப் பயன்படுத்தும் இடங்களில் வேலை செய்பவர்கள் பல மடங்கு அதிகம். ஆனால் சிதறிக் கிடந்தார்கள். அடி விழுந்த பிறகுதான் ஒன்றுசேர்ந்து வாஷிங்டனில் கதவைத் தட்டினார்கள். ஒருபுறம் வரியையே எடுக்கச் சொல்லி வாதம். இன்னொருபுறம், 'இந்த ரக எஃகு உள்நாட்டில் கிடைப்பதே இல்லை, இதற்காவது விலக்குக் கொடுங்கள்' என்று தனித்தனி மனுக்கள். நூற்றுக்கணக்கான ரகங்களுக்கு விலக்குக் கிடைத்தது. வரி ஏட்டில் முழுதாக இருந்தது, நடைமுறையில் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் வந்தது. உலக வர்த்தக அமைப்பில் வழக்கை வென்றுவிட்டு, சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருள்களுக்குப் பதில் வரி போடப்போகிறோம் என்று ஒரு பட்டியலைக் காட்டியது. அதில் புளோரிடாவின் ஆரஞ்சுச் சாறும் இருந்தது. 2000 தேர்தலில் புஷ் அதிபரானது புளோரிடாவில் வெறும் 537 வாக்கு வித்தியாசத்தில். பட்டியல் போட்டவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! எஃகுக்கும் ஆரஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஆரஞ்சு விவசாயி இப்போது எஃகு வரிச் சண்டையில் ஒரு தரப்பு.

மக்கள் வாக்களிக்கிறார்கள், பிரதிநிதிகள் சட்டம் இயற்றுகிறார்கள், அதிகாரிகள் அதை நடைமுறைப்படுத்துகிறார்கள் என்று பள்ளியில் படிக்கிறோம். அது பொய் இல்லை. ஆனால் தேர்தல் நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. எஃகு வரி மாதிரியான முடிவுகளோ தினமும் எடுக்கப்படுகின்றன. அந்த இடைவெளியில் யார் வந்து பேசுகிறார்கள், அவர்களை எதிர்த்துப் பேச யாராவது இருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் பல முடிவுகள் அமைகின்றன. இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

யாரெல்லாம் அழுத்தக் குழு?

ஆட்சியைப் பிடிக்க விரும்பாமல், ஆட்சியில் இருப்பவர் எடுக்கும் முடிவைத் தன் பக்கம் திருப்ப விரும்பும் எந்த அமைப்பும் அழுத்தக் குழுதான். கட்சிக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். கட்சி தேர்தலில் நிற்கும், எல்லா விஷயத்துக்கும் ஒரு நிலைப்பாடு வைத்திருக்கும். அழுத்தக் குழு தன்னைத் தொடுகிற விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். யார் ஜெயித்தாலும் மறுநாள் காலையில் அவர் வாசலில் நிற்கும்.

தொழில் கூட்டமைப்புகள், தொழிற்சங்கங்கள், விவசாயிகள் சங்கங்கள், மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வைத்திருக்கும் தொழில்முறை அமைப்புகள், சுற்றுச்சூழல், நுகர்வோர், மனித உரிமை இயக்கங்கள் எல்லாம் இதில் சேரும். 'அழுத்தக் குழு' என்றதும் பணக்கார நிறுவனம்தான் நினைவுக்கு வருகிறது என்றால் அது பாதிப் படம். ஓய்வூதியக்காரர்கள் சங்கமும் அழுத்தக் குழுதான், ஆறு மாசுபடுவதை எதிர்த்து மனு கொடுக்கும் ஊர்க்காரர்களும் அழுத்தக் குழுதான்.

இன்னொரு வகையைப் பலர் கவனிப்பதில்லை. அரசாங்கத்துக்குள்ளேயே அழுத்தக் குழுக்கள் உண்டு. இந்தியாவில் சுகாதார அமைச்சகம் புகையிலைக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறது. அதே அரசில் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் புகையிலை வாரியம் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்த வாரியத்தின் வேலை, புகையிலைத் தொழிலையும் ஏற்றுமதியையும் வளர்ப்பது. இரண்டுமே அரசாங்கம். இரண்டுக்கும் பின்னால் வேறு வேறு மக்கள் கூட்டம். விவசாயிக்கு ஒரு துறை, தொழிலாளிக்கு ஒரு துறை, வணிகருக்கு ஒரு துறை என்று அமைச்சகங்கள் பிரிந்திருப்பதே ஓரளவுக்கு இந்தக் குழுக்களின் சண்டை அரசின் உடம்பில் விட்டுச்சென்ற தழும்புதான். 'அரசாங்கம் என்ன நினைக்கிறது?' என்று கேட்டால், எந்தத் துறை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

எல்லாரும் இழுத்தால் சமநிலை வருமா?

எல்லாரும் தன் பக்கம் இழுத்தால் சமநிலை வந்துவிடும் என்ற சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க அரசியலமைப்புக்கு ஆதரவு திரட்டிய ஜேம்ஸ் மேடிசன் 1787-இல் இதைப் பற்றி எழுதினார். மனிதர்கள் சொத்தாலும் நம்பிக்கையாலும் பிரிந்து கோஷ்டி சேர்வது இயல்பு, சுதந்திரத்தைப் பறிக்காமல் அதைத் தடுக்க முடியாது, ஆகவே நாட்டைப் பெரிதாக வைத்து நிறையக் கோஷ்டிகள் இருக்கும்படி செய்தால் எந்த ஒன்றும் மற்றவற்றை நசுக்க முடியாது என்பது அவர் வாதம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ராபர்ட் டால் போன்ற அரசியல் அறிஞர்கள் இதை இன்னும் விரித்தார்கள். அதிகாரம் ஒரே கையில் இல்லை, கல்விக்கு ஒரு கூட்டம், நகரமைப்புக்கு இன்னொரு கூட்டம் என்று விஷயத்துக்கு விஷயம் செல்வாக்கு மாறுகிறது என்றார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதிக்கப்படுகிறவர்கள் எல்லாரும் தானாகவே திரண்டு வந்துவிடுவார்கள் என்று இந்தப் பார்வை எடுத்துக்கொள்கிறது. பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965-இல் கை வைத்தது அந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் சர்க்கரை இறக்குமதிக்குக் கோட்டா உண்டு. அதனால் உள்நாட்டு விலை உலகச் சந்தை விலையைவிட மேலேயே நிற்கிறது. இதனால் நுகர்வோருக்கு ஆகும் கூடுதல் செலவு வருடத்துக்கு 250 கோடி முதல் 350 கோடி டாலர் என்று அந்நாட்டின் அரசுக் கணக்குப் பொறுப்பு அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. பெரிய தொகை. ஆனால் 33 கோடிப் பேருக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்கு வருடம் பத்து டாலர் பக்கம். பத்து டாலருக்காக யார் சங்கம் வைப்பார், யார் தலைநகருக்கு ரயில் ஏறுவார்? பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. மறுபக்கம், கரும்பும், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் பயிரிடும் பண்ணைகள் சில ஆயிரம்தான். அந்தக் கோட்டா போனால் அவர்கள் தொழிலே ஆட்டம் காணும். அவர்கள் தூங்க மாட்டார்கள்.

ஓல்சன் சொன்னது இதுதான்: ஆதாயம் சிலரிடம் குவிந்து, செலவு பலரிடம் சிதறினால், சிலர் திரள்வார்கள், பலர் திரள மாட்டார்கள். பலருக்கு அக்கறை இல்லை என்பதல்ல காரணம். அடுத்தவன் போராடி ஜெயித்தால் பலன் எனக்கும் வரும், நான் ஏன் சந்தா கட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைப்பது அவரவர் அளவில் சரியான கணக்கு. எல்லாரும் அப்படி நினைக்கும்போது சங்கமே பிறப்பதில்லை. பெரிய சங்கங்கள் உறுப்பினருக்குக் காப்பீடு, தள்ளுபடி, பத்திரிகை என்று ஏதாவது தனிப் பலனைக் கொடுத்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

சரி, சர்க்கரைக் கோட்டாவை எதிர்ப்பது யார்? நுகர்வோரைவிட அதிகமாக, மிட்டாயும் பிஸ்கட்டும் செய்யும் நிறுவனங்கள். அவர்களுக்குச் சர்க்கரை விலை கோடிக்கணக்கில் அடிக்கும். விவசாயச் சட்டம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இவர்கள் ஒருபுறம், பண்ணைக்காரர்கள் ஒருபுறம் என்று மல்லுக்கட்டு நடக்கிறது. நுகர்வோரின் நலனை அங்கே பேசுவது, அதே நலன் தனக்கும் இருக்கிற இன்னொரு பெரிய கம்பெனி. இதில் கேலிக்கு இடம் இருக்கிறது, ஆனால் அரசியலில் இது அடிக்கடி நடக்கும். சாதாரண மனிதனின் நலன் பேசப்பட வேண்டுமானால் பெரிய ஆள் ஒருவருக்கும் அதே நலன் இருந்தால் நல்லது.

பெட்டியில் பணமா?

முடிவெடுப்பவரிடம் போய்த் தன் பக்கம் பேசுவதை லாபி என்கிறார்கள். லாபி என்றால் பெட்டி கைமாறும் காட்சிதான் பலருக்கு. அது லஞ்சம், அது தனிக் குற்றம். அமெரிக்காவில் சட்டப்படி பதிவு செய்து கணக்குக் காட்டப்படும் லாபிச் செலவே சமீப வருடங்களில் ஆண்டுக்கு 400 கோடி டாலரைத் தாண்டுகிறது. அதில் பெரும்பகுதி சம்பளம். சட்டம் படித்தவர்கள், முன்னாள் அதிகாரிகள், புள்ளிவிவரம் தயாரிப்பவர்கள் ஆகியோருக்கான சம்பளம்.

இவர்கள் விற்பது தகவல். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ஒரே வாரத்தில் மருந்துக் காப்புரிமை, மீன்பிடி எல்லை, மின்கட்டண விதி எல்லாவற்றிலும் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு உதவியாளர்கள் சிலரே. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'இந்தப் பிரிவு இப்படியே வந்தால் உங்கள் தொகுதியில் இத்தனை பேர் வேலை போகும், இதோ கணக்கு, இதோ மாற்று வாசகம்' என்று கையில் தாளைக் கொடுத்தால் அது பெரிய உதவி. தாளில் இருப்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். முழு உண்மையாக இருக்காது, அவ்வளவுதான். எதிர்த்தரப்பும் ஒரு தாளோடு வந்தால் அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். வராவிட்டால் முதல் தாளே கோப்பில் ஏறும்.

தொழிலதிபர்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. அவர்கள் வாயே திறக்காவிட்டாலும், 'இந்த வரியைப் போட்டால் ஆலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களோ' என்ற பயம் எந்த அரசுக்கும் இருக்கும். தொழிலாளர்களிடம் வேலைநிறுத்தம் இருக்கிறது, பெரிய சங்கங்களிடம் வாக்கு இருக்கிறது. இவை எதுவுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகள், அகதிகள், இன்னும் பிறக்காத தலைமுறை. அவர்களுக்காக யாராவது பேசினால்தான் உண்டு.

ஒரு வழி மூடினால் இன்னொரு வழி

சட்டம் நிறைவேறும் நாளில் கேமராக்கள் இருக்கும். வேலை அதற்கு முன்பும் பின்பும் நடக்கும். வரைவு எழுதும்போது, நிலைக்குழுவில், விதிமுறை வகுக்கும்போது, அமலாக்கத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, கடைசியாக நீதிமன்றத்தில். ஓரிடத்தில் தோற்றவர் அடுத்த இடத்துக்குப் போவார்.

இந்தியாவில் சிகரெட், பீடி பாக்கெட்டின் மேல் வரும் எச்சரிக்கைப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். பாக்கெட்டின் இரு பக்கங்களிலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கை பிடிக்க வேண்டும் என்று 2014 அக்டோபரில் சுகாதார அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1-இல் அமலாகியிருக்க வேண்டும். துணைச் சட்டங்களை ஆராயும் நாடாளுமன்றக் குழு நிறுத்திவைக்கச் சொல்ல, தள்ளிப்போனது. தொழில் தரப்பில் பெரிய நிறுவனங்களைவிட முன்னால் நின்றது பீடித் தொழிலாளர்கள், புகையிலை விவசாயிகளின் வாழ்வாதாரம் பற்றிய வாதம். அந்த மக்களின் பயம் நிஜமானது. அதைத் தங்கள் கேடயமாக நிறுவனங்கள் பயன்படுத்திக்கொண்டதும் நிஜம். 2016 மார்ச்சில் அந்தக் குழு, 85 வேண்டாம், 50 சதவீதம் போதும் என்று பரிந்துரைத்தது. மருத்துவர்களும் புற்றுநோய் அமைப்புகளும் விடவில்லை. 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீதமே அமலுக்கு வந்தது. சண்டை முடியவில்லை. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. 85 சதவீதம் நின்றது.

ஓர் எண்ணுக்காக அமைச்சகம், நாடாளுமன்றக் குழு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று வருடத்துக்கு மேல் போராட்டம். இரண்டு தரப்பும் எல்லா இடத்திலும் ஆள் வைத்திருந்ததால்தான் இது வெளியில் தெரிந்தது. ஒரு தரப்பு மட்டும் இருந்திருந்தால் 85 என்பது வரைவிலேயே சத்தமில்லாமல் 40 ஆகியிருக்கும், யாருக்கும் செய்தியே இல்லை.

கூட்டத்தைப் பெருக்குவது

தோற்றுக்கொண்டிருக்கும் தரப்புக்கு ஒரு பழைய உத்தி உண்டு: சண்டையை அறையை விட்டு வெளியே கொண்டுவருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனின் தானியச் சட்டப் போராட்டத்தை மிஞ்சிய உதாரணம் இதற்கு இல்லை என்பேன்.

1815-ஆம் ஆண்டுச் சட்டம், உள்நாட்டில் கோதுமை விலை குவார்ட்டர் என்ற பழைய தானிய அளவுக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமையை உள்ளே விடக் கூடாது என்றது. லாபம் நிலக்கிழார்களுக்கு. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையும் அவர்களே. நகரத் தொழிலாளிக்கு விலை உயர்ந்த ரொட்டி, ஆலை முதலாளிக்கு அதனால் உயர்ந்த கூலி. 1838-இல் மான்செஸ்டரில் ஆலை முதலாளிகள் சிலர் தொடங்கிய எதிர்ப்பு இயக்கம் ரிச்சர்ட் காப்டன், ஜான் பிரைட் தலைமையில் நாடு முழுக்கப் பரவியது. ஓல்சன் கணக்குப்படி ரொட்டி வாங்குகிற லட்சக்கணக்கானோர் திரண்டிருக்க முடியாது. ஆனால் செலவை ஏற்கத் தயாரான ஒரு சிறு கூட்டம் இருந்தது. அவர்கள் ஊர் ஊராகப் பேச்சாளர்களை அனுப்பினார்கள். 1840-இல் ஒரு பென்னி அஞ்சல் வந்ததும் துண்டுப் பிரசுரங்களை மூட்டை மூட்டையாக அஞ்சலில் போட்டார்கள். கிராமத் தொகுதிகளில் தங்கள் ஆட்களைச் சிறு நிலம் வாங்க வைத்து வாக்குரிமை பெறச் செய்தார்கள். கொஞ்சம் குறும்புதான், சட்டப்படி தவறில்லை. நிலக்கிழார்கள் விழித்துக்கொண்டு எதிர்ச் சங்கம் கட்டியபோது 1844 ஆகிவிட்டது.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தொடங்கியது. 1846-இல் பிரதமர் ராபர்ட் பீல், நிலக்கிழார்களின் கட்சித் தலைவராக இருந்துகொண்டே, எதிர்க்கட்சி வாக்குகளோடு சட்டத்தை நீக்கினார். அவர் கட்சி இரண்டாக உடைந்தது, பதவியும் போனது. இயக்கம் மட்டும் சாதித்தது என்றோ பஞ்சம் மட்டும் சாதித்தது என்றோ சொல்ல முடியாது. பஞ்சம் வந்தபோது கையில் தயாராக ஒரு கோரிக்கை இருந்தது, அதற்குப் பின்னால் கூட்டமும் இருந்தது.

இணைய காலத்தில் இந்த உத்தி மலிவாகிவிட்டது. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் இணையச் சமநிலை, அதாவது எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனங்கள் ஒரேமாதிரி நடத்துவது, பற்றிக் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அந்த ஆண்டு இறுதியில் இன்னொரு கருத்துக்கேட்பில் ஃபேஸ்புக் தன் இலவச இணையத் திட்டத்துக்கு ஆதரவாகப் பயனாளர்களிடமிருந்து ஒரே அச்சான கடிதங்களை அனுப்பவைத்தது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இதில் பதில் இல்லையே என்று டிராய் முகம் சுளித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வைப்பதற்குத் தடை வந்தது. பெரிய நிறுவனத்தைச் சிதறிய கூட்டம் ஒன்று வென்ற அபூர்வமான சம்பவங்களில் இது ஒன்று.

கூட்டம் மலிவானால் போலிக் கூட்டமும் மலிவுதான். அமெரிக்காவில் 2017-இல் இதே விஷயத்துக்கு வந்த கருத்துகள் சுமார் 2.2 கோடி. அதில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் அறிக்கை கொடுத்தது. அகலக்கற்றை நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பிரசாரத்திலிருந்து 85 லட்சம். மறுபக்க ஆதரவில் 77 லட்சத்தை ஒரே ஒரு 19 வயதுக் கல்லூரி மாணவர் கணினி வைத்துத் தயாரித்து அனுப்பியிருந்தார். இத்தனை பேர் எழுதினார்கள் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும்

ஒரு தொழிலைக் கண்காணிக்க ஓர் ஆணையம் வைக்கிறோம். நாளடைவில் அந்த ஆணையத்தோடு தினமும் பேசுவது அந்தத் தொழில் மட்டுமே. மக்கள் மறந்துபோகிறார்கள், பத்திரிகையும் மறந்துவிடுகிறது. ஆணையத்துக்கு வேண்டிய நிபுணர்கள் அந்தத் தொழிலிலிருந்து வருகிறார்கள், பதவி முடிந்ததும் அங்கேயே போகிறார்கள். ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர் 1971-இல் ஒரு படி மேலே போனார். பல ஒழுங்குமுறைகள் தொழிலின் விருப்பத்தின் பேரில், அதன் வசதிக்காகவே உருவாகின்றன என்றார்.

கொஞ்சம் மிகை என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியத்தைப் பாருங்கள். 1938-இல் தொடங்கிய அந்த அமைப்பு, யார் எந்த வழித்தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் என்பதைத் தீர்மானித்தது. அடுத்த நாற்பது வருடத்தில் நாட்டின் முக்கிய வழித்தடங்களுக்குப் புதிதாக ஒரு பெரிய நிறுவனத்தைக்கூட அது அனுமதிக்கவில்லை. விண்ணப்பங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி, உள்ளே ஏற்கெனவே முளைத்திருந்த சில செடிகளுக்கு மட்டும் காவல் நின்றது. 1978-இல் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் வந்தபோது அதை எதிர்த்தவர்களில் பெரிய விமான நிறுவனங்களே பல. எங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்று தொழில் கேட்கிறதென்றால் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது.

புகையிலை விஷயத்தில் உலக நாடுகள் இந்த உறவையே வெட்டப் பார்த்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் 2003-இல் ஏற்கப்பட்ட புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3 பிரிவு, பொது சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்கிறது. மற்ற எந்தத் தொழிலுக்கும் இவ்வளவு வெளிப்படையாகக் கதவு சாத்தப்பட்டதில்லை என்றே சொல்லலாம்.

பொதுவாக நாடுகள் கதவைச் சாத்துவதில்லை, வாசலில் ஒரு பதிவேடு வைக்கின்றன. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு லாபி வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் பதிவேடு. ஸ்வீடனில் முக்கியமான அரசு முன்மொழிவுகளைச் சம்பந்தப்பட்ட அமைப்புகளுக்கு அனுப்பி, எழுத்தில் கருத்து வாங்குவது வெகுகாலப் பழக்கம். ஆஸ்திரியா இன்னும் வித்தியாசம். அங்கே தொழிலாளர்களுக்கு ஒரு சபை, வணிகர்களுக்கு ஒரு சபை, இரண்டிலும் உறுப்பினராக இருப்பது சட்டப்படி கட்டாயம். நான் ஏன் சந்தா கட்ட வேண்டும் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இந்தியாவில் லாபிக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2014-இல் மத்திய அரசு வகுத்த கொள்கைப்படி சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் அது கொள்கைதான், மீறினால் தண்டனை கிடையாது.

கடைசியில் யார் ஜெயிக்கிறார்கள்?

ஆய்வாளர்களிடம் ஒரே பதில் இல்லை. மார்ட்டின் கிலென்ஸ், பெஞ்சமின் பேஜ் இருவரும் 2014-இல், 1981 முதல் 2002 வரையிலான 1,779 அமெரிக்கக் கொள்கைக் கேள்விகளை அலசினார்கள். பணக்காரர்களும் தொழில் குழுக்களும் விரும்புவதற்கும் நடப்பதற்கும் தொடர்பு தெரிந்தது, நடுத்தர மனிதரின் விருப்பத்துக்குத் தனியாக ஏறக்குறைய எந்தப் பாதிப்பும் தெரியவில்லை. பெரும்பாலான விஷயங்களில் பணக்காரர், நடுத்தர மனிதர் இருவர் விருப்பமும் ஒன்றுதானே என்று இதை மறுத்தவர்களும் உண்டு. ஃபிராங்க் பாம்கார்ட்னர் குழுவினர் 98 விவகாரங்களைப் பல வருடம் பின்தொடர்ந்தபோது, பணம் அதிகம் உள்ள பக்கம் எப்போதும் ஜெயிக்கவில்லை என்று கண்டார்கள். ஜெயித்தது பெரும்பாலும் 'இருப்பது இருக்கட்டும்' என்ற பக்கம். எதையாவது மாற்ற நினைப்பவர் குழு, அவை, அமைச்சகம், நீதிமன்றம் என எல்லாப் படியையும் தாண்ட வேண்டும். தடுக்க நினைப்பவருக்கு ஒரு படி போதும். அதோடு, இருக்கிற விதி என்பதே முந்தைய சண்டைகளில் ஜெயித்தவர்கள் எழுதிவைத்ததுதான்.

அமெரிக்க மருந்து விலை விவகாரத்தில் இது அப்படியே தெரியும். 2003-இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவும் சேர்க்கப்பட்டது. முதியோர்களின் மிகப் பெரிய சங்கமும் அதை ஆதரித்தது. ஆனால் மருந்து நிறுவனங்களோடு அரசு நேரடியாக விலை பேரம் பேசக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. மசோதாவைக் கொண்டுசெலுத்தியவர்களில் ஒருவரான பிரதிநிதிகள் சபைக் குழுத் தலைவர் பில்லி டோசின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராகப் போனார். அந்தப் பிரிவை மாற்ற 2022 வரை ஆனது. அந்த ஆண்டு வந்த சட்டம், குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும் பேரம் பேசலாம் என்றது. முதல் பத்து மருந்துகளின் விலை 2026-இல் நடைமுறைக்கு வரும்படி அமைந்தது.

2023-இலேயே மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போய்விட்டன. இன்னொரு சண்டை இரண்டு எண்களைச் சுற்றி நடக்கிறது. மாத்திரை வகை மருந்துகளுக்கு அனுமதி கிடைத்து 9 ஆண்டு கழித்தும், உயிரியல் மருந்துகளுக்கு 13 ஆண்டு கழித்தும்தான் பேரம் பேசிய விலை அமலாகும் என்பது 2022 சட்டத்தின் கணக்கு. அந்த 9-ஐயும் 13 ஆக்கிவிடுங்கள் என்று தொழில் தரப்பு கேட்கிறது. நோயாளிகள் அமைப்புகள் சில அதை எதிர்க்கின்றன, சில ஆதரிக்கின்றன. 2025 ஜூலையில் வந்த பெரிய வரிச் சட்டத்துக்குள், அபூர்வ நோய்களுக்கான மருந்துகளுக்குப் பேரத்திலிருந்து கூடுதல் விலக்குத் தரும் ஒரு பிரிவும் சேர்ந்து நிறைவேறியது. அன்றைய தலைப்புச் செய்திகள் எல்லாம் வரியைப் பற்றியவை.